50,000 ரூபா கையில இருக்கு: மாவா, தையலா, ஆடா?

"அக்கா, கையில ஒரு அம்பதாயிரம் இருக்கு, வீட்ல இருந்தே ஏதாவது பண்ணலாம்னு இருக்கேன், எதுல நல்லா வரும்?" இந்தக் கேள்விய வருஷத்துக்கு ஒரு பத்துப் பேராவது என்கிட்ட கேட்டுடுறாங்க. கேக்குறவங்கள்ல பாதிப்பேரு யூட்யூப்ல இருபது வீடியோ பாத்து, மாசம் லட்சம்னு ஒருத்தன் சொன்னத கேட்டு, நோட்டுல கணக்கெல்லாம் போட்டு, அதுக்கப்புறம் இன்னும் குழம்பிப் போய்தான் வர்றாங்க.

நாங்க இருக்கறது கரூர் மாவட்டம், அரவக்குறிச்சி பக்கம். நான் நாலு வருஷமா இட்லி மாவு ஆட்டி விக்கிறேன். என் ஓரகத்தி தையல். மாமியார் ஆடு வச்சிருக்காங்க. மூணும் ஒரே வாசலுக்குள்ள நடக்குது, அதனால மூணோட வண்டவாளமும் எனக்கு அத்துப்படி. இதுல சொல்ற ரேட்டு எல்லாம் எங்க ஊரு ரேட்டு, உங்க ஊர்ல அஞ்சு பத்து முன்னப்பின்ன இருக்கும், அத நீங்களே மாத்திப் போட்டுக்கோங்க.

## முதல்ல எதை வச்சு அளக்குறதுன்னு பாப்போம்

எல்லாரும் "எவ்வளவு வரும்"னு கேக்குறாங்க. "எப்ப வரும்"னு யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. என்னைக் கேட்டா அதுதான் முதல் கேள்வி. மாவுக்காசு தினமும் வரும், நூறு இருநூறா. தையல் காசு விட்டு விட்டு வரும், சீசன்ல கொட்டும், புரட்டாசி மார்கழில காயும். ஆட்டுக்காசு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ மொத்தமா வரும், நடுவுல ஒத்தப் பைசா வராது. உங்க வீட்ல ஓட்டை எங்க இருக்கு? பால், காய்கறிக்கே இழுபறியா, மாசாமாசம் கட்டற குழுக் கடனா, இல்ல ஜூன் மாசம் கட்டற ஸ்கூல் ஃபீஸா? ஓட்டைக்குத் தகுந்த மாதிரிதான் தொழில எடுக்கணும். தினச்செலவுக்கு முட்டிட்டு நிக்கிறவங்க ஆடு வாங்கினா ஆறாவது மாசம் ஆட்டையே வித்துடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன்.

அடுத்தது, ஒத்து வரலைன்னா போட்ட காசுல எவ்வளவு திரும்பும்ங்கறது. அப்புறம் லீவு. ஒரு கல்யாணம், காய்ச்சல், அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள்னா தொழில் தாங்குமா? அப்புறம் கடன் சொல்லிட்டுப் போறவங்க, இது ஊருக்குள்ள வியாபாரம் பண்றவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வலி. கடைசியா உங்க கூலி. யாருமே அத கணக்குல சேக்கறதில்ல, "வீட்ல சும்மாதானே இருக்கேன்"னு விட்டுடறாங்க. வீட்ல யாரும் சும்மா இல்ல.

## இட்லி மாவு

பணம் வர்றது: தினமும். முதல் ரூபா ரெண்டாவது நாளே கைக்கு வந்துடும்.

போட வேண்டியது: நான் ஆரம்பிச்சப்ப 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (அப்படியே சாய்ச்சு மாவு எடுக்கறது) கிட்டத்தட்ட 28,000, செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ் 8,000, தராசு, கவர் ஒட்டுற மிஷின் எல்லாம் சேத்து 3,500. மீதி அரிசி உளுந்துக்கு. விட்டுடலாம்னு நெனச்சா கிரைண்டர் பாதி விலைக்குப் போகும்.

கணக்கு இப்படி. 10 கிலோ இட்லி அரிசி 450 ரூபா, ரெண்டரை கிலோ உளுந்து 350, வெந்தயம் உப்பு 20. மொத்தம் 820. தண்ணியோட சேத்து ஆட்டினா சுமாரா 26 கிலோ மாவு வரும். கிலோ 50-ன்னு நேரா வீட்டுக்கே வந்து வாங்கறவங்களுக்குக் குடுத்தா 1,300. கவருக்கு 40, கரண்டுக்கு 30 போக 410 நிக்கும். அதுல தினமும் ரெண்டு கிலோ மிஞ்சும்னு வச்சுக்கோங்க, 310. மாசத்துல 26 நாள் ஓட்டினா 8,060. இதுக்கு நாலு மணி நேர வேலை, அரிசி கழுவறதுல இருந்து கிரைண்டர் கழுவி வைக்கிற வரைக்கும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 78 ரூபா கூலி. இது நல்ல கூலியா மோசமான கூலியாங்கறத நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, ஆனா "மாவுல டபுள் லாபம்"னு சொல்றவன் எவனும் மாவு ஆட்டுனவன் இல்ல.

கடைக்குப் போட்டா அளவு கூடும், ஆனா கடைக்காரர் கிலோவுக்கு ஏழெட்டு ரூபா எடுத்துக்குவாரு, மிஞ்சுன கவர் நம்மகிட்டயே திரும்பி வரும், காசு சனிக்கிழமை சனிக்கிழமை. மேல போட்ட 310, அதே 26 கிலோவ பூராவும் கடைக்குக் குடுத்தா 120-க்குப் பக்கத்துல வந்து நிக்கும். அதனால ஆரம்பத்துல தெருவுல இருக்கற முப்பது வீட்டப் பிடிங்க. கடை அப்புறம்.

இப்ப வெளிய தெரியாத செலவு. இந்த எடத்துல கொஞ்சம் நின்னு படிங்க.

வெயில். தமிழ்நாட்டு வெயில் லிஸ்ட்ல அடிக்கடி முன்னாடி வந்து நிக்கிற கரூர் பரமத்தி எங்களுக்குப் பக்கம். சித்திரை வைகாசில ராத்திரி பத்து மணிக்கு ஆட்டுன மாவு விடிகாலைல நாலு மணிக்கே பொங்கி வழிஞ்சு நிக்கும், மத்தியானம் வாயில வைக்க முடியாத புளிப்பு. கவர்ல போட்டா பலூன் மாதிரி உப்பி வெடிக்கும். அதனால அப்பல்லாம் ஐஸ் தண்ணி ஊத்தி ஆட்டணும், ஆட்டுன உடனே ஃபிரிட்ஜுக்குப் போகணும். மார்கழில நேர் எதிரு, பொங்கவே பொங்காது, "என்னக்கா இட்லி கல்லு மாதிரி இருக்கு"ன்னு நாலு போன் வரும். உளுந்து ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குணம், போன மூட்டை பந்து மாதிரி எழும்பிச்சுன்னா இந்த மூட்டை தண்ணியாவே கிடக்கும், அன்னிக்கு 26 கிலோ 23-ஆ நிக்கும். மூணு கிலோ போச்சுன்னா 150 ரூபா போச்சு.

கரண்டு. ஒரு ஹெச்பி மோட்டார் மூணு மணி நேரம் ஓடுனா ரெண்டேகால் யூனிட், 26 நாள் கணக்குல ரெண்டு மாசத்துக்கு நூத்துப் பதினேழு யூனிட். வீட்டு கனெக்‌ஷன்ல முதல்ல கொஞ்சம் யூனிட் ஃப்ரீதான், ஆனா அத உங்க ஃபேனும் டிவியும் ஏற்கனவே தின்னுடும், கிரைண்டர் ஓடறது எல்லாம் மேல் ஸ்லாப்லதான் விழும். அத விட முக்கியம், வீட்டு கனெக்‌ஷன்ல வியாபாரம் பண்றதே தப்பு, ஈபி ஆளு செக்கிங் வந்தா அபராதம் போடுவாங்க. தனி கனெக்‌ஷன் வாங்கற செலவ முதல்லயே கணக்குல வையுங்க. நான் வைக்கல.

சாப்பாட்டுப் பொருள்ங்கறதால உணவுப் பாதுகாப்புத் துறைல எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். நம்மள மாதிரி சின்ன வியாபாரத்துக்கு ஃபீஸ் கம்மிதான், ஆன்லைன்லயே பண்ணலாம். கவர்ல பேக் பண்ண தேதி, எடை, பதிவு நம்பர் இருக்கணும். அந்தச் சின்ன வேலைக்கு ஆயிரத்து ஐநூறு கேக்கற புரோக்கருங்க இருக்காங்க, ஜாக்கிரதை.

லீவு: மாசத்துல அந்த நாலு நாள் போக கிடையாது. மத்தபடி நீங்க ஒரு நாள் மாவு இல்லைன்னு சொன்னா அந்த வீட்டுக்காரம்மா அடுத்த தெருவுல வாங்குவாங்க, அங்க பழகிட்டா திரும்பி வர மாட்டாங்க. எங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணி ஆறு நாள் ஆஸ்பத்திரில இருந்தேன், திரும்பி வந்தப்ப பதினொரு வீடு போயிருந்துச்சு.

மாவு யாருக்கு: தினச்செலவுக்குக் காசு வேணும், வீட்ல தண்ணிக்குக் கஷ்டமில்ல, கூட ஒருத்தர் கை குடுப்பாங்க, சுத்துப்பட்டுல வேலைக்குப் போற குடும்பம் நிறைய இருக்குன்னா இதுதான். எல்லா வீட்லயும் டேபிள் டாப் கிரைண்டர் ஓடுற கிராமத்துக்குள்ள இது செல்லாது.

## தையல்

பணம் வர்றது: விட்டு விட்டு. ஐப்பசி, தை, வைகாசில ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மிஷின் ஓடும். புரட்டாசி மார்கழில ஃபால்ஸ் அடிக்கிறது, நைட்டி கிழிசல், இப்படி இருபது முப்பதா.

போட வேண்டியது: மோட்டார் வச்ச சாதா மிஷின் 10,000-க்குள்ள, துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒரு 8,000, கத்திரி, அயர்ன் பாக்ஸ், டேபிள். 25,000-ல முடிச்சிடலாம். நல்ல மிஷின் விலை இறங்காது, இந்த மூணு தொழில்லயும் எடுத்து வச்சிட்டு மறுபடி ஆரம்பிக்க முடியறது இது ஒண்ணுதான்.

லைனிங் பிளவுஸ் எங்க ஊர்ல 300. லைனிங் துணி, நூல், ஊக்கு போக 220 நிக்கும். சமையல் பிள்ளைங்க எல்லாம் பாத்துட்டு நாளைக்கு ரெண்டு தைக்கலாம். 440. மாவை விட நல்லாதானே இருக்கு? நல்லாதான் இருக்கு, ஆர்டர் இருந்தா. என் ஓரகத்தி ஒரு வருஷம் நோட்டுல எழுதி வச்சா, சராசரி பாத்தா மாசம் ஏழாயிரத்துல நின்னுச்சு, ஒரு மாசம் பதினஞ்சு, ஒரு மாசம் ரெண்டாயிரத்து சில்லறை.

இங்க பெரிய செலவே கத்துக்கற காலம். மூணு மாச கிளாஸ் சர்டிஃபிகேட் வேற, ஒரு அம்மா "ஆர்ம்ஹோல் பிடிக்குது, கழுத்து தூக்குது"ன்னு சொல்லாத அளவுக்கு வெட்டறது வேற. அதுக்கு ஒரு வருஷம் ஆகும். நடுவுல ஒரு பட்டுப்புடவை பிளவுஸ் பிட்ட வெட்டித் தொலைச்சா புடவைக்கு மேட்சா வேற துணி கிடைக்காது, காசு குடுத்தாலும் சமாதானம் ஆகாது. ஆல்ட்ரேஷன் எல்லாம் ஃப்ரீயாதான் பண்ணணும். அப்புறம் இந்தக் கடன். மாவுக்கு அம்பது ரூபா குடுக்கறவங்க பிளவுஸுக்கு முந்நூறு குடுக்க "அடுத்த வாரம் தர்றேன்"ம்பாங்க, அதுவும் சொந்தக்காரங்கன்னா கேட்டுடவே முடியாது. இப்ப அவ ரூல் போட்டுட்டா, பாதி காசு துணி குடுக்கறப்பவே. ரெண்டு பேரு கோச்சுக்கிட்டாங்க, போகட்டும்.

கரூர்ல டெக்ஸ்டைல் கம்பெனிங்க நிறைய இருக்கறதால பீஸ் ரேட்டுக்கு வீட்டுக்கே துணி குடுப்பாங்க, தலகாணி உறை, ஏப்ரன், டவல் ஓரம்னு. டல் சீசன்ல கை ஓட்டத்துக்கு நல்லது. ஆனா ரேட்டு சில்லறைதான், துணியக் கொண்டுவர்றது கொண்டுபோறது நம்ம செலவு, தப்பா தைச்ச பீஸுக்குப் பிடித்தம் வேற. இதையே முழுசா நம்பி பவர் மிஷின் வாங்கிடாதீங்க.

கழுத்து வலி, கண்ணு ரெண்டும் இலவச இணைப்பு.

யாருக்கு: கைத்தொழில் மேல ஆசை இருக்கறவங்க, சின்னப் பிள்ளைங்கள வச்சிட்டு நேரத்த துண்டு துண்டா பிரிச்சு வேலை பாக்கறவங்க, மாசா மாசம் ஒரே தொகை வேணும்ங்கற கட்டாயம் இல்லாதவங்க.

## ஆடு

எங்க பக்கம் கொறங்காடுன்னு ஒண்ணு இருக்கு, வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. சுத்தி கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேல மரம். காங்கேயத்துல இருந்து எங்க ஊரு வரைக்கும் மானாவாரி பூமி எல்லாம் இப்படித்தான் மேய்ச்சலுக்கு விட்டிருப்பாங்க. வெயில் காலத்துல புல்லு காஞ்சாலும் வேலங்காய் உதுந்து ஆட்டுக்குத் தீனியாகும். இப்படி ஒரு காடு சொந்தமாவோ குத்தகைக்கோ இருந்தா ஆடு லாபம். தீவனத்தை விலைக்கு வாங்கி நாலஞ்சு ஆட்டுக்குப் போடறதுன்னா லாபம்ங்கற பேச்சே எடுக்காதீங்க.

50,000-க்கு அஞ்சு பெட்டை வெள்ளாடு வாங்கலாம், ஒண்ணு 8,000-ன்னு, மீதி கொட்டாய்க்கு. கிடா வேண்டாம், பக்கத்துக் காட்டுக் கிடா போதும். செம்மறி சீக்கிரம் மெலியாது, காஞ்ச புல்லையே தின்னு பொழச்சுக்கும், ஆனா பெரும்பாலும் ஒத்தக்குட்டிதான். வெள்ளாடு ரெட்டைக்குட்டி போடும், தழை கேக்கும். எங்க பக்கம் முருங்கைத் தோட்டம் நிறைய, கவாத்து பண்ற தழைய சும்மாவே குடுப்பாங்க, அந்தக் கணக்குல நாங்க வெள்ளாடு.

சினை அஞ்சு மாசம். குட்டிய ஏழெட்டு மாசம் வளத்தாதான் விலை. ஆக இன்னிக்கு வாங்கினா ஒரு வருஷம் தாண்டித்தான் முதல் காசு. சந்தைல சினையாட்டா வாங்கினா நாலு மாசம் மிச்சம், ஆனா சந்தைல சினைன்னு சொல்றது எல்லாம் சினை இல்ல. அய்யலூர் சந்தை வியாழக்கிழமை கூடும், விடியறதுக்கு முன்னாடி பேட்டரி லைட் வெளிச்சத்துல பாதி வியாபாரம் முடிஞ்சிடும், பழக்கம் இல்லாதவங்க பழகுன ஆளக் கூட்டிட்டுப் போங்க. முடிஞ்சவரைக்கும் தெரிஞ்ச பட்டியில வாங்கறது உத்தமம்.

அஞ்சு ஆடு, எட்டு குட்டி, ரெண்டு செத்துப்போகும்னு வையுங்க. ஆறு குட்டி, ஒண்ணு 6,000-ன்னா 36,000. ஆடி நோம்பிக்கு, தீபாவளிக்கு, பக்ரீத்துக்கு முன்னாடி வித்தா இன்னும் கொஞ்சம் கூட வரும். அதோட தாயாடு அஞ்சும் அப்படியே நிக்குது. கையில நிக்கிற முதலுன்னு பாத்தா மூணு தொழில்ல இதுதான் மேல, கிரைண்டர் தேயும், ஆடு பெருகும். மாமியார் சொல்றது, "எங்களுக்கெல்லாம் ஆடுதான் பேங்க்கு." என் நாத்தனார் கல்யாணத்துக்கு நகைக்கு முன்பணம் குடுத்தது பதினாலு ஆடுதான்.

ஆனா அந்த பேங்க்கு செத்தும் போகும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கு, கால்நடை மருந்தகத்துல கேட்டு முறையா போட்டுடணும், மூணு மாசத்துக்கு ஒருக்க குடல்புழு மருந்து. இன்ஷூரன்ஸ் போட்டா காதுல தோடு மாட்டுவாங்க, அந்தத் தோடு இல்லாம க்ளைம் வராது, அதனால அத பத்திரமா பாத்துக்கணும். இப்பல்லாம் நோயை விட தெருநாய்தான் பயம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள்ள நாய் பூந்து ஒரே ராத்திரில கூட்டம் கூட்டமா ஆட்டைக் கடிச்சுப் போட்டு, விவசாயிங்க ரோட்டுல ஒக்காந்து போராட்டமே பண்ணாங்க. கம்பி வேலி ஒரு செலவுன்னு யாரும் ஆரம்பத்துல எழுதறதில்ல. எழுதுங்க.

இன்னொண்ணு, என் தப்பு. முதல் வருஷம் மிஞ்சுன புளிச்ச மாவை வீணாக்குவானேன்னு ஒரு நாள் அன்னக்கூடையோட கொண்டுபோய் ஆட்டுக்கு வச்சுட்டேன், நாலு கிலோவுக்கு மேல இருக்கும். நல்லா குடிச்சுது. சாயந்தரம் வயிறு உப்பிக்கிட்டு மூச்சு வாங்குது, டாக்டர் வர்றதுக்குள்ள ரெண்டு சினையாடு போச்சு. அரிசி, மாவு, பொங்கச்சோறு இதெல்லாம் ஒரேயடியா தின்னா ஆட்டு வயித்துல அமிலம் கூடிரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா தேவலாம்.

லீவு: உங்களுக்கு மட்டும் கிடையாது, வீட்டுக்கே கிடையாது. வயசானவங்க ஒருத்தர் காட்டுல நிக்கறாங்கன்னா அவங்க கூலியையும் கணக்குல சேருங்க.

## ஒரே பார்வைல

| | மாவு | தையல் | ஆடு |
|---|---|---|---|
| முதல் காசு | 2 நாள் | கத்துக்கிட்ட பிறகு, 6 மாசம் முதல் 1 வருஷம் | 1 வருஷம் தாண்டி |
| காசு வர்ற விதம் | தினமும் | சீசன் | மொத்தமா |
| கடன் தொல்லை | கொஞ்சம் | ரொம்ப | இல்ல |
| நிறுத்தினா திரும்பறது | பாதி | பெரும்பகுதி | உயிரோட இருந்தா முழுசும் |
| அதிகமா அடி விழற எடம் | வெயில், கரண்டு | கத்துக்கற காலம் | நோய், நாய் |
| லீவு | வாடிக்கை போயிடும் | போடலாம் | ஆள் மாத்தி விட்டா |

ட்யூஷனைப் பத்தி ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. முதலே இல்லாத தொழில், பத்துப் பிள்ளைங்க, தலைக்கு 300, மாசம் 3,000. படிச்சவங்க கண்ண மூடிட்டு ஆரம்பிக்கலாம், ஒத்து வரலைன்னா நஷ்டம்னு ஒண்ணும் இல்ல. அம்பதாயிரத்த பேங்க்லயே விட்டுடுங்க.

## கடன் வாங்கித்தான் ஆரம்பிக்கணும்னா

வாரத்தவணை கட்டற மைக்ரோ ஃபைனான்ஸ் காசுல ஆடு வாங்காதீங்க, தயவுசெஞ்சு. வாராவாரம் தவணை, வருஷத்துக்கு ரெண்டு தடவ வருமானம், எப்படிப் பொருந்தும்? மத்திய அரசோட முத்ரா கடன்ல சிசு பிரிவுல 50,000 வரைக்கும் ஜாமீன் இல்லாம பேங்க்ல கேக்கலாம், மகளிர் குழுவுல இருந்தா குழு மூலமா இன்னும் சுலபம். மாவட்டத் தொழில் மையத்துல மானியத்தோட கடன் திட்டங்கள் இருக்கு, மத்திய அரசோட பிஎம்இஜிபி மாதிரி. ஆனா "மானியம் 35 சதவீதமாமே"ன்னு கிளம்பறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அந்தக் காசு கைக்கு வராது, மூணு வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா நிக்கும், தொழில் ஒழுங்கா நடந்தாதான் கடன்ல கழிப்பாங்க. உத்யம் பதிவு சுத்தமா இலவசம், அதுக்குக் காசு கேட்டா எழுந்து வந்துடுங்க.

பயிற்சிக்கு, மாவட்டத்துல லீட் பேங்க் நடத்தற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கு. தையல், ஆடு வளர்ப்பு எல்லாம் இலவசம், சாப்பாடும் போடுவாங்க. ஓரகத்தி அங்கதான் கத்துக்கிட்டா.

"மிஷினை எங்ககிட்ட வாங்குங்க, தயாரிக்கிற பொருளை நாங்களே எடுத்துக்கறோம்"னு ஒருத்தன் சொன்னா, பெருந்துறை ஈமு கோழிய ஞாபகம் வச்சுக்கோங்க. 2012-ல எத்தன குடும்பம் அதுல போட்டுட்டு தெருவுல நின்னுச்சுன்னு கொங்குப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கோழி போய் இப்ப கற்பூரம், பேப்பர் பிளேட்டுன்னு பேரு மட்டும் மாறுது.

போன மாசம் ஓரகத்தியோட அக்கா பொண்ணு வந்தா. வீட்டுக்காரர் லாரி டிரைவர், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கதான் காசு கைக்கு வருது, நடுவுல பால்காரருக்குக் கூட கடன். ஆசை என்னவோ தையல் மேலதான். ரெண்டு மணி நேரம் பேசிட்டு, கிரைண்டர் வாங்கறதுக்கு முன்னாடி இருக்கற டேபிள் டாப்லயே தினம் அஞ்சு கிலோ ஆட்டி பத்து வீட்டுக்குக் குடுத்துப் பாரு, ஒரு மாசம் தாங்குச்சுன்னா மேல யோசின்னு அனுப்பி வச்சோம். நேத்து போன் பண்ணி, "சித்தி, அரிசி எந்தக் கடைல வாங்கறீங்க?"ன்னா. அரிசி இருக்கட்டும், அந்த ஈபி கார்டை முதல்ல எடுத்துப் பாருடின்னேன்.